ஜுராசிக் பார்க் கண்டுகொள்ளாத 10 கிலோ டைனோசர்: 50 வருஷக் காத்திருப்பு சொல்லும் பாடம்

1993-ல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மழை இரவுக் காட்சி மறந்திருக்காது. டைனோசர் கருக்களைத் திருடிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும் கம்ப்யூட்டர்காரரின் ஜீப் சேற்றில் மாட்டிக்கொள்ளும். எதிரே ஒரு சின்ன டைனோசர் வந்து நிற்கும். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் மடிப்பு விசிறி போல விரியும். அடுத்த நொடி, அவர் முகத்தில் விஷ எச்சில்.

அந்த டைனோசரின் பெயர் டைலோபோசாரஸ். நிஜத்தில் அதற்குக் கழுத்து விசிறி இருந்ததற்கு ஆதாரம் இல்லை. விஷம் துப்பியதற்கும் ஆதாரம் இல்லை. அது சின்ன விலங்கும் அல்ல, ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள வேட்டையாடி. ஆனால் அந்த ஒரு காட்சி போதும். பொம்மை, டி-ஷர்ட், வீடியோ கேம் என்று 30 வருஷமாக அது ஓஹோவென்று வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அதே நிலத்தில், அதே பாறை அடுக்கில் இன்னொரு டைனோசரும் கிடைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 1.2 மீட்டர். எடை ஏறத்தாழ 10 கிலோ, அதாவது கடையிலிருந்து தூக்கிவரும் ஓர் அரிசிப் பை அளவு. இலை தழை தின்று வாழ்ந்தது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன எலும்புத் தகடுகள். பெயர் ஸ்குடெல்லோசாரஸ். எந்தப் படமும் இதை நட்சத்திரம் ஆக்கவில்லை.

ஆனால், கவச டைனோசர்களின் கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், தொல்லுயிரியலாளர்கள் கை காட்டுவது இந்தக் குட்டியைத்தான். இத்தனை முக்கியமான விலங்கின் எலும்புகள் முதலில் கிடைத்தது 1971-ல். அவற்றை விரிவாக, படங்களுடன் விவரிக்கும் ஆய்வு வந்தது 2021-ல். இடையில் 50 வருஷம்!

விஞ்ஞானத்தில் எந்த வேலைக்குக் கைதட்டல் கிடைக்கிறது, எந்த வேலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை இந்தத் தாமதம் அப்பட்டமாகக் காட்டுகிறது. அந்த வேலையை ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூரே சாட்சி. அதற்கு முன்னால் இந்தக் குட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

யார் இந்த ஸ்குடெல்லோசாரஸ்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில் நவஹோ பழங்குடியினரின் நிலம் விரிந்து கிடக்கிறது. அங்கே செந்நிறத்தில் வெளியே தெரியும் ஒரு பாறை அடுக்குக்குக் கயென்டா என்று பெயர். அதன் வயது ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள். புவியியல் கணக்கில் அது ஜுராசிக் காலத்தின் முற்பகுதி.

அன்றைக்கு அது பாலைவனம் சூழ்ந்த ஆற்றுச் சமவெளி. ஆமைகள், முதலையின் பழைய உறவுகள், பாலூட்டிகளுக்கு நெருங்கிய உறவான கயென்டாதீரியம், உலகின் பழமையான தவளைகளில் ஒன்று என்று பலவகை உயிர்கள் அங்கே வாழ்ந்தன. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்குப் புல் கிடையாது, பூச்செடிகளும் பரவவில்லை. பெரணி, ஈச்சம் போல் தோன்றும் சைகஸ் வகைகள், ஊசியிலை மரங்கள் இவைதான் பசுமை. ஸ்குடெல்லோசாரஸ் மேய்ந்தது இவற்றில் தரைக்குப் பக்கத்தில் இருந்ததைத்தான். இடுப்பு உயரமே அரை மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும் என்னும்போது வேறு வழியும் இல்லை.

1971-ல் டேவிட் லாலர் என்பவர் கயென்டா பாறையிலிருந்து முதல் எலும்புக்கூட்டைச் சேகரித்தார். அது ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் உள்ள வட அரிசோனா அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1981-ல் எட்வின் கோல்பர்ட் அதற்குப் பெயர் வைத்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, அரிசோனாவில் குடியேறிய பெரிய ஆய்வாளர் அவர். அப்போது அவருக்கு வயது 75-ஐ ஒட்டி. லத்தீனில் 'ஸ்குடெல்லம்' என்றால் சிறு கேடயம், கிரேக்கத்தில் 'சாரஸ்' என்றால் பல்லி. சிறு கேடயப் பல்லி. சேகரித்தவரின் நினைவாக 'லாலரி' என்ற இரண்டாம் பெயரும் சேர்ந்தது.

கவச டைனோசர்கள் அடங்கிய பெரிய குழுவுக்கு 'தைரியோஃபோரா' என்று பெயர். தமிழ் 'தைரிய'த்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கிரேக்க மொழியில் 'கேடயம் தாங்கிகள்' என்று பொருள். முதுகில் பலகை பலகையாகத் தகடுகள் நிற்கும் ஸ்டெகோசாரஸ், வாலில் கதாயுதம் வைத்திருந்த அங்கைலோசாரஸ் இரண்டும் இந்தக் குழுவைச் சேர்ந்தவைதான். இந்தக் குழுவின் குடும்ப மரத்தில் மிக அடியில் பிரியும் கிளையாக ஸ்குடெல்லோசாரஸை வைக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: ஸ்குடெல்லோசாரஸ் அந்தப் பெரிய கவச விலங்குகளுக்கு நேரடிக் கொள்ளுத்தாத்தா என்று அர்த்தம் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் கூடப்பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். நேரடி மூதாதை கிடைக்காத இடத்தில், அவர் எப்படி இருந்திருப்பார் என்று யூகிக்க இவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோலுக்குள் வளரும் எலும்பு

கவசம் என்றதும் ஆமை ஓடு நினைவுக்கு வரும். ஆனால் இது வேறு சமாச்சாரம். ஆமையின் ஓடு அதன் விலா எலும்போடும் முதுகெலும்போடும் ஒட்டியது. ஸ்குடெல்லோசாரஸின் தகடுகள் எலும்புக்கூட்டோடு ஒட்டாமல், தோலுக்குள்ளேயே தனித்தனியாக வளர்ந்தவை. முதலையின் முதுகில் வரிசையாக மேடு மேடாகத் தெரிகிறதே, அதற்குள் இருப்பதும் இதே வகை எலும்புதான். விஞ்ஞானிகள் இதை 'ஆஸ்டியோடெர்ம்' என்கிறார்கள். தோல் எலும்பு என்று சொன்னால் போதும்.

ஸ்குடெல்லோசாரஸின் உடம்பில் இப்படி 300-க்கும் மேற்பட்ட தோல் எலும்புகள் இருந்தன. சில தட்டையானவை. சிலவற்றின் நடுவில் ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். சில ஓட்டுக்கூரை போல இரு பக்கமும் சரிந்திருக்கும். கழுத்திலிருந்து முதுகு, பக்கவாட்டு, வால் என்று வரிசை வரிசையாக இவை அமைந்திருந்தன.

இங்கேதான் சிக்கல். விலங்கு இறந்து தோல் அழுகியதும், எதோடும் ஒட்டாத இந்தத் தகடுகள் உதிர்ந்து சிதறிவிடும். ஆற்று வெள்ளம் அவற்றை அடித்துச் செல்லும். 19 கோடி ஆண்டு கழித்து ஒருவர் கையில் கிடைப்பது, சட்டை மக்கிப்போன பிறகு தரையில் சிதறிக் கிடக்கும் பொத்தான்கள் மாதிரி. எந்தப் பொத்தான் எந்த ஓட்டைக்கு என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொன்றையும் எடுத்து அளந்து, படம் பிடித்து, மற்ற மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். குறுக்குவழி கிடையாது.

அரைகுறைக் கவசத்தால் என்ன லாபம்?

பரிணாமத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி எழும். "முழுக் கவசம் இருந்தா பிரயோஜனம், சரி. பாதிக் கவசத்தால என்ன பிரயோஜனம்?" பாதிச் சிறகு எதுக்கு, பாதிக் கண் எதுக்கு என்று கேட்பதும் இதே ரகம்தான்.

ஸ்குடெல்லோசாரஸ் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில். டாங்கி போல அசையும் அங்கைலோசாரஸின் கவசத்தோடு ஒப்பிட்டால் இதன் கவசம் ஒன்றுமே இல்லை. டைலோபோசாரஸ் வாயில் முழுசாக மாட்டினால் இந்தத் தகடுகள் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பிழைப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. கயென்டாவில் சின்ன வேட்டையாடிகளும் இருந்தன. ஒரு கடி ஆழமாக இறங்காமல் வழுக்கிப்போனால், பிடி நழுவும் அந்த ஒரு நொடியில் ஓடிவிடலாம். தோலைக் கொஞ்சம் கடினமாக்கும் எந்த மாற்றமும் அதற்கு உதவும்.

ஓடுவதற்கு ஏற்ற உடல்தான் அதற்கு இருந்தது. ஒல்லியான தேகம், இரண்டு கால் நடை, உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் வால். பின்னால் நீளும் அந்த வால், முன்பக்கத்து எடையைச் சமன்செய்யப் பயன்பட்டிருக்கும். கவச டைனோசர்களில் இரண்டு காலில் நடந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான் என்கிறது 2021 ஆய்வு. பிறகு வந்த உறவுகளில் பெரும்பாலானவை நான்கு காலுக்கு மாறிவிட்டன. இங்கிலாந்தில் கிடைத்த ஸ்கெலிடோசாரஸ் சுமார் நான்கு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. ஸ்டெகோசாரஸும் அங்கைலோசாரஸும் டன் கணக்கில் எடை போட்டன.

தோல் எலும்பின் வேலை பாதுகாப்பு மட்டும்தானா என்பதும் முடிந்துபோன விஷயம் அல்ல. இன்றைய முதலைகளில் பெண் முதலை முட்டை ஓடு உருவாக்கத் தேவைப்படும் கால்சியத்தைத் தன் தோல் எலும்புகளிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு காரணத்துக்காக வந்த உறுப்பு இன்னொரு காரணத்துக்காக நிலைத்துவிடுவது இயற்கையில் சாதாரணம். கயென்டாவின் குட்டிக்குத் தகடுகள் எதற்கெல்லாம் உதவின என்று கேட்க வேண்டும் என்றால், அவை எப்படி இருந்தன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கால அளவையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்குடெல்லோசாரஸுக்கும் அங்கைலோசாரஸுக்கும் இடையே 12 கோடி ஆண்டுகள். அங்கைலோசாரஸுக்கும் உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனுக்கும் இடையே சுமார் 6.6 கோடி ஆண்டுகள்தான். அவ்வளவு நீண்ட கதையின் முதல் அத்தியாயத்தில் கையில் இருப்பவை சில பக்கங்களே. அவற்றில் ஒன்று இந்த 10 கிலோ விலங்கு.

எலும்பு கையில் இருந்தும் ஏன் தாமதம்?

இத்தனைக்கும் ஸ்குடெல்லோசாரஸ் அரிய விலங்கு அல்ல. 1981-க்குப் பிறகு ஹார்வர்டு, பெர்க்லி பல்கலைக்கழக அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளிலும் இதன் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. மொத்தம் 70-க்கும் மேற்பட்ட மாதிரிகள். 2000-ல் பெர்க்லி மாதிரிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதைத் தவிர்த்தால் பெரிய அளவில் வேலை நடக்கவில்லை.

இதற்கிடையில் இந்த விலங்கின் முகவரியே மாறியது. கோல்பர்ட் 1981-ல் இதை 'ஃபேப்ரோசார்' என்ற ஆதி தாவர உண்ணிகளின் குடும்பத்தில் சேர்த்திருந்தார். சில ஆண்டுகளிலேயே வகைப்பாட்டு ஆய்வுகள் இதைக் கவச டைனோசர்களின் வேர்ப்பகுதிக்கு மாற்றின. முக்கியத்துவம் ஒரேயடியாகக் கூடியது. ஆனாலும் எலும்புகளைத் திரும்ப எடுத்து, முதலிலிருந்து விவரிக்க 2021 வரை ஆனது.

பெஞ்சமின் ப்ரீடன் என்ற ஆய்வாளர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை அது. திமோத்தி ரோ, சுசன்னா மெய்ட்மென்ட், ரிச்சர்ட் பட்லர், தாமஸ் ரேவன் ஆகியோரோடு சேர்ந்து அவர் அதை வெளியிட்டார். பல எலும்புகளின் படம் முதல்முறையாக அச்சேறியது. எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில், இந்த விலங்கு வாழ்நாள் முழுக்க மெதுவாகவே வளர்ந்தது என்று தெரிந்தது. உடம்பு சின்னதாக இருந்ததுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் அந்த ஆய்வு காட்டியது. கவச டைனோசர்களின் உடல் இயக்கமே மற்ற பல டைனோசர்களைவிட நிதானமாக இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது.

ஆக, விடை எல்லாம் எலும்புக்குள்ளேதான் இருந்தது. எலும்பு அருங்காட்சியகத்தில் இருந்தது. எடுத்துப் பார்க்க ஆளும் நேரமும் இல்லை என்பதுதான் விஷயம்.

இது ஒரு டைனோசரின் தலைவிதி மட்டும் அல்ல. ஸ்கெலிடோசாரஸின் எலும்புக்கூடு 1858-ல் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் கிடைத்தது. உலகில் அதுவரை கிடைத்த டைனோசர்களில் அதுதான் ஏறத்தாழ முழுமையானது. 'டைனோசர்' என்ற சொல்லையே உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன்தான் அதற்குப் பெயர் வைத்தார். இவ்வளவு பெருமை இருந்தும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் நார்மன் அதை நான்கு கட்டுரைகளில் முழுமையாக விவரித்தது 2020-ல். 160 வருஷத்துக்கும் மேல்!

சரி, சினிமா நட்சத்திரம் டைலோபோசாரஸுக்காவது மரியாதை கிடைத்ததா? 1940-ல் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்ற நவஹோ மனிதர் முதலில் பார்த்த எலும்புகள் அவை. 1942-ல் பெர்க்லி குழு தோண்டியெடுத்தது. எல்லா முக்கிய மாதிரிகளையும் சேர்த்து விரிவாக மறுஆய்வு செய்த கட்டுரை 2020-ல்தான் வந்தது. உலகம் பூராவும் பொம்மை விற்ற பிறகும் இதே நிலைமை. புகழ் வேறு, ஆய்வு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விவரிப்பது ஒரு வேலையா?

தொல்லுயிரியலில் 'விவரிப்பு' என்பது ஆரவாரம் இல்லாத வேலை. ஒவ்வோர் எலும்பையும் எல்லாப் பக்கமும் பார்த்து, எங்கே குழி, எங்கே மேடு, எங்கே உடைப்பு, எது இயற்கையான வடிவம், எது பாறை அழுத்தி நசுங்கியது என்று எழுத வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். முடிவில் வரும் கட்டுரையில் 'உலகின் மிகப் பெரிய', 'முதல்முறையாக' போன்ற சொற்கள் இருக்காது. பெரிய ஆய்விதழ்கள் இதில் அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளருக்குப் புது டைனோசருக்குப் பெயர் வைத்தால் கிடைக்கும் மதிப்பு, பழைய டைனோசரைத் திருத்தமாக விவரித்தால் கிடைப்பதில்லை.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இது புதுசு இல்லை. புது ஆப் வெளியிடுகிறவருக்கு மேடை. பழைய கோடை வரி வரியாகப் படித்து, ஆவணப்படுத்தி வைக்கிறவருக்கு "இந்த குவார்ட்டர்ல நீங்க என்ன பண்ணீங்க?" என்ற கேள்வி. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எல்லோரும் தேடுவது அந்த ஆவணத்தைத்தான்.

டைனோசர் ஆய்விலும் அப்படியே. எந்த விலங்கு எதற்கு உறவு என்று கணிக்கும் குடும்ப மரங்கள், பெரிய அட்டவணைகளை வைத்துக் கம்ப்யூட்டரில் போடப்படுபவை. 'தாடையில் இந்த மேடு உண்டா? ஆம் அல்லது இல்லை' என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள். எல்லோராலும் எல்லா அருங்காட்சியகத்துக்கும் நேரில் போக முடியாது. அதனால் பல கட்டங்கள் பழைய விவரிப்புகளைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன. விவரிப்பில் ஒரு தப்பு இருந்தால் அது அட்டவணைக்குப் போகும், அங்கிருந்து அடுத்த ஆய்வுக்கு, அதற்கடுத்த ஆய்வுக்கு. மரத்தின் அடிக்கிளையில் இருக்கும் விலங்கு என்றால் பாதிப்பு இன்னும் பெரிசு. ஸ்குடெல்லோசாரஸின் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும், கவசம் எப்போது வந்தது, நான்கு கால் நடை எப்போது வந்தது என்ற விடைகள் எல்லாம் சேர்ந்தே நகரும்.

"ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமே பணம் பத்தலை. செத்து 19 கோடி வருஷமான பல்லிக்கு எதுக்குச் செலவு?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் இதுதான்: தோண்டுவதற்கு ஏற்கெனவே செலவு ஆகிவிட்டது. அடுக்கி வைக்க இடமும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது ஓர் ஆளின் சம்பளமும் ஒரு நல்ல கேமராவும்தான். மொத்தச் செலவில் இதுவே மலிவான பகுதி. மலிவான கடைசிப் படியை மிச்சம் பிடிக்கப்போய் மொத்த முதலீட்டையும் முடக்கி வைப்பது சிக்கனம் ஆகாது.

அரியலூர் காட்டும் இழப்பு

அரிசோனாவின் எலும்புகள் வறண்ட நிலத்தில், நல்ல கிடங்கில் இருந்தன. 50 வருஷம் தாமதித்தும் அவை பத்திரமாக இருந்தது அதிர்ஷ்டம். எல்லா எலும்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கவச டைனோசர் குழுவுக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 1979-ல் அரியலூர் பகுதியின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளிலிருந்து கிடைத்த ஒரு விலங்குக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 'திராவிடோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்டெகோசாரஸ் வகையைச் சேர்ந்தது என்று சொன்னார்கள். அது உண்மை என்றால், உலகில் கடைசிவரை தாக்குப்பிடித்த ஸ்டெகோசார்களில் ஒன்று அரியலூரில் வாழ்ந்தது என்று ஆகும். ஆனால் 1996-ல் சங்கர் சாட்டர்ஜி, திராஜ் ருத்ரா இருவரும் இது டைனோசரே அல்ல, துடுப்புக் கால் கொண்ட பிளீசியோசார் என்ற கடல் ஊர்வன என்றார்கள். 2017-ல் பீட்டர் கால்டனும் அய்யாசாமியும் மறுபடி ஸ்டெகோசார் கட்சிக்கே வாதாடினார்கள். நிலத்தில் நடந்ததா, கடலில் நீந்தியதா என்பதிலேயே கருத்து வேறுபாடு! எல்லாக் கோணத்திலும் எடுத்த தெளிவான படங்களும் முப்பரிமாண ஸ்கேனும் எல்லோர் கையிலும் இருந்தால், இந்த வாதம் இவ்வளவு வருஷம் இழுத்திருக்காது.

அடுத்தது இன்னும் வலிக்கும். 1980-களில் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டிலிருந்து அதே இருவர் விவரித்த விலங்கு பிருஹத்காயோசாரஸ். 'மாபெரும் உடல்' என்று பொருள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டு, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. கணுக்காலுக்கு மேலே உள்ள ஓர் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் சரிபார்க்க வழியில்லை. நைந்த நிலையில் கிடைத்த அந்த எலும்புகள் பொடிந்துபோய்விட்டன. மிச்சம் இருப்பவை பழைய விவரிப்பும் சில படங்களும்தான்.

இங்கே கவனம் எதற்குக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் முழுக்க ஒரே பரபரப்பு. அவை முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரி சார்ந்த படிவுகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை எத்தனை குரூப்பில் யார் ஃபார்வர்டு பண்ணினார்கள்?

நல்ல உதாரணமும் இல்லாமல் இல்லை. தெலங்கானா பக்கம் கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைகள், கயென்டா போலவே ஜுராசிக் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று கருதப்படுபவை. அங்கிருந்து சேகரிக்கப்பட்ட தோல் எலும்புகளைக் கால்டன் 2019-ல் விவரித்தார். அங்கைலோசாரஸ் வகையின் உலகிலேயே பழமையான தடயம் இது என்பது அவர் முடிவு. ஏற்கெனவே சேகரித்து வைத்த எலும்புகள்தான். ஒருவர் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். கவச டைனோசர் கதையில் இந்தியாவுக்கு ஒரு பக்கம் கிடைத்தது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. முதலில், புதைபடிவத்தைத் திருத்தமாக விவரிப்பதை முழு ஆய்வாகப் பல்கலைக்கழகங்கள் மதிக்க வேண்டும். ஸ்குடெல்லோசாரஸுக்கு விடிவு வந்தது ஒரு முதுகலை ஆய்வேட்டில்தான். இந்தியாவின் புவியியல் துறை மாணவர்களுக்கும் அதே மாதிரி ஒரு மாதிரியைக் கொடுத்து, "இதை முழுசா எழுதிக் கொண்டு வா" என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, கையில் இருப்பதைப் பொடியாகும் முன் பதிவுசெய்ய வேண்டும். ஒரு பொருளைச் சுற்றி நிறைய படங்கள் எடுத்து மென்பொருள் மூலம் முப்பரிமாண மாதிரி உருவாக்கும் வசதி இன்று சாதாரண போனிலேயே வந்துவிட்டது. 1980-களில் இது கிடையாது. இன்று கிடையாது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, அருங்காட்சியகக் கட்டடத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அரியலூர் அருகே வாரணவாசியில் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பது நல்ல விஷயம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் பார்வையாளரைப் போலவே, பெட்டியைத் திறந்து அளந்து எழுதும் ஆய்வாளரும் எந்த அருங்காட்சியகத்துக்கும் தேவை.

படிக்கிற உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை 'டைனோசர் கண்டுபிடிப்பு' என்று ஒரு செய்தி போனில் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த எலும்பு இப்போது எங்கே இருக்கிறது? அதை யார், எங்கே விவரித்து எழுதியிருக்கிறார்கள்? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் ஃபார்வர்டு பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடலாம். அரியலூர் பக்கம் போகும்போது வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, லொகேஷனோடு அருங்காட்சியகத்துக்கோ புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அதன் கதையில் பாதி போய்விடும்.

ஸ்குடெல்லோசாரஸ் பற்றிய 2021 ஆய்வு, யாரும் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய ஆய்விதழில் வெளியானது. உங்கள் போனிலேயே திறக்கலாம். உள்ளே இருக்கும் சொற்கள் பாதி புரியாமல் போகலாம், பரவாயில்லை. படங்களைப் பாருங்கள். கூரை போல மடிந்த, விரல் நுனியில் வைத்துப் பார்க்கக்கூடிய அந்தத் தகடுகள் ஒவ்வொன்றையும் யாரோ எடுத்து, துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். கல்லமேட்டு எலும்புக்கு அப்படி ஒருவர் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.